இல்லாளும் இல்லமும்

கலியாணமாகிச் சில வருஷங்கள் வாடகை வீட்டில் குடித்தனம் நடத்திய தம்பதிகள் சொந்தமாக ஒரு வீடு வாங்குவதென்று தீர்மானிப்பது அவர்களுடைய வாழ்க்கையில் முக்கியமான ஒரு கட்டம். கலியாணத்தைப் பெற்றோர் செய்து வைத்திருக்கலாம். உத்தியோகத்தைப் பிறர் கொடுத்திருக்கலாம். இருவரும் கூடி யோசித்து, கணக்குப் பார்த்து, கடன்பட்டுச் செய்யும் முதல் பெருங்காரியம் பெரும்பாலும் இந்த வீடாகவே இருக்கிறது. இடம் பார்ப்பதில் தொடங்கி, கிரயம் பேசி, பத்திரம் எழுதி, ஒழுகும் மட்டப்பாவை மராமத்துச் செய்து, பால் காய்ச்சிக் குடிபுகும் வரையில் அவ்விருவர் படும் சிரமத்தை அறியாத குடும்பம் தமிழ்நாட்டில் இல்லை. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, சப்-ரிஜிஸ்திரார் கச்சேரியில் பதிவான கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், வாங்குபவர் என்ற இடத்தில் எத்தனை பெயர் இருக்கிறது? மிகப் பல பத்திரங்களில் ஒரே பெயர்தான். அது புருஷனுடைய பெயர். இவ்வழக்கம் மாறவேண்டும், தம்பதிகள் சேர்ந்து வாங்கும் வீடு இருவர் பெயரிலும் சரிபாதியாகப் பதிவாக வேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

இது குடும்பத்துக்குள் பேசி முடிக்கவேண்டிய சொந்தக் காரியமாயிற்றே, இதில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆஸ்தி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தாம் உலகத்தின் கண்ணுக்கு மனிதர். பாங்கியில் தொழிலுக்குக் கடன் கேட்டாலும், கோர்ட்டில் ஒருவருக்காக ஜாமீன் நிற்க முன்வந்தாலும், முதல் கேள்வி 'உமது பெயரில் என்ன இருக்கிறது?' என்பதே. அரசியல் சட்டம் 1950-ஆம் வருஷத்திலேயே ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதிவிட்டது. ஓட்டுச் சாவடியில் அந்தச் சமத்துவம் செல்லுபடியாகிறது. ஆனால் அந்த ஓட்டரின் விலாசமாக எழுதப்பட்டிருக்கும் வீட்டில் அவளுக்குப் பாத்தியதை என்ன என்று கேட்டால், 'புருஷனுடைய வீடு' என்ற பதிலே வருகிறது. தேசத்தின் பிரஜையாகச் சமமாயிருப்பவள் சொந்தக் கூரையின்கீழ் அண்டிப் பிழைப்பவளாக இருப்பது பொது விஷயம் அல்லவென்றால், வேறு எதுதான் பொது விஷயம்?

வீட்டுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வருகிறதென்று பார்ப்போம். மத்தியதர வகுப்புக் குடும்பத்தில் ரொக்கமாகக் கையில் இருப்பது சொற்பம். சீட்டு எடுத்த பணம், பிராவிடண்டு நிதியிலிருந்து பெற்ற தொகை, ஊரிலுள்ள நிலத்தில் ஒரு பங்கை விற்ற பணம் ஆகிய எல்லாம் சேர்ந்தும் முன்பணத்துக்குப் போதுவதில்லை. அப்போது எல்லாருடைய பார்வையும் அவளுடைய கழுத்தின் மீதும் கையின் மீதும் விழுகிறது. தகப்பன் வீட்டில் போட்டனுப்பிய சங்கிலியும் வளையலும் அடகுக் கடைக்கோ பாங்கிக்கோ போகின்றன. மீட்கப்படுபவை சில, மூழ்கிப்போகின்றவை பல. அந்த நகை ஸ்திரீதனம். அது அவளுடைய தனிச் சொத்து. புருஷன் வசம் இருந்தாலும் அவனுக்கு அதில் கூட்டுப் பாத்தியதை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-ஆம் வருஷத்தில் திட்டமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நகை அவள் கழுத்தில் இருந்தவரையில் அது அவளுடையது. வீடாக மாறிய மறுநிமிஷம் அது அவனுடையதாகிவிடுகிறது. இந்த அதிசயமான மாற்றத்தைச் செய்வது சட்டமல்ல. பத்திரம் எழுதும்போது நாம் காட்டும் அலட்சியம்.

தேச விடுதலைப் போரின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1921-இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கும், 1933, 34-ஆம் வருஷங்களில் ஹரிஜன யாத்திரையின் போதும், காந்தியடிகள் கையேந்தி நின்ற இடங்களிலெல்லாம் பெண்கள் தங்கள் ஆபரணங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக அவர்கள் ஒன்றையும் கேட்கவில்லை. ஆயினும் தேசம் அவர்களுக்குத் தான் பட்ட கடனை மறக்கவில்லை. ஸர்தார் வல்லபாய் படேல் தலைமையில் 1931-இல் கூடிய கராச்சி காங்கிரஸ், பிரஜைகள் யாவரும் ஆண் பெண் பேதமின்றிச் சட்டத்தின் முன் சமம் என்று பிரகடனம் செய்தது. தேசத்துக்காக வளையல் கழற்றியவளுக்குத் தேசம் சமத்துவம் அளித்தது. வீட்டுக்காக வளையல் கழற்றியவளுக்கு வீடு என்ன அளித்தது?

நகையோடு காரியம் முடிவதில்லை. மிச்சத்துக்குக் கடன் வேண்டும். 30 லட்ச ரூபாய்க் கடனை நூற்றுக்கு 9 வட்டியில் 20 வருஷத் தவணைக்கு வாங்கினால், மாதந்தோறும் சுமார் 27,000 ரூபாய் கட்டவேண்டும். கடைசித் தவணை தீரும்போது கட்டிய மொத்தம் ஏறக்குறைய 65 லட்சம். வாங்கியதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். இந்த 240 மாதங்களில் ஒரு மாதமாவது மனைவியின் சிக்கனம் இல்லாமல் தவணை கட்டப்பட்டிருக்குமா? அவள் சம்பாதிக்கிறவளானால் அவளுடைய சம்பளத்தில் வீட்டுச் செலவு நடக்கிறது. அவனுடைய சம்பளம் தவணைக்குப் போகிறது. அரிசியும் பள்ளிக் கட்டணமும் செலவாகி மறைந்துபோகின்றன. தவணையோ வீடாக நின்று ரசீது காட்டுகிறது. கணக்குப் புஸ்தகத்தில் அவள் பங்கு செலவுப் பத்தியிலும் அவன் பங்கு சொத்துப் பத்தியிலும் ஏறிவிடுகின்றன. அவள் வெளியே சென்று சம்பாதிக்காதவளானால் நிலைமை இன்னும் மோசம். சமைத்து, துவைத்து, குழந்தைகளை வளர்த்து, முதியவர்களைப் பேணும் அவளுடைய உழைப்புக்கு ரசீதே கிடையாது.

இதிலும் விசித்திரமான ஒரு சங்கதி உண்டு. பாங்கிகள் கடன் கொடுக்கும்போது மனைவியின் கையெழுத்தையும் கேட்டு வாங்குகின்றன. இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டினால் அதிகக் கடன் கிடைக்கும் என்பதால் புருஷனும் சம்மதிக்கிறான். வீட்டில் பாத்தியதையுள்ள எல்லாரையும் கூட்டுக் கடனாளிகளாகச் சேர்ப்பது பாங்கிகளின் வழக்கம். ஆனால் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுபவர் யாவரும் வீட்டில் பாத்தியதையுள்ளவராக இருந்தாக வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஆகவே கடன் பத்திரத்தில் இரண்டு பெயர், கிரயப் பத்திரத்தில் ஒரு பெயர் என்ற நிலை சர்வ சாதாரணமாயிருக்கிறது. தவணை தவறினால் பாங்கி அவளையும் துரத்தும். தவணை தீர்ந்தால் வீடு அவனைச் சேரும். கடனில் பங்காளி, உடைமையில் அந்நியள்! எந்த வியாபாரக் கூட்டாளி இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு இணங்குவான்?

தமிழ் மொழி இவ்விஷயத்தில் நம்மைவிட நியாயமாக நடந்துகொண்டிருக்கிறது. மனைவிக்கு 'இல்லாள்' என்று பெயரிட்டது. இல்லத்தை ஆள்பவள், இல்லத்துக்கு உரியவள் என்பது அதன் பொருள். அதே சொல்லை ஆண்பாலாக்கினால் 'இல்லான்' என்று வருகிறது. ஒன்றுமில்லாத தரித்திரன் என்று அர்த்தம். பாஷையில் அவள் உடைமைக்காரி, அவன் வெறுங்கையன். ரிஜிஸ்தர் கச்சேரிக்கு வந்தவுடன் இது நேர்மாறாகிவிடுகிறது.

சட்டத்தின் நிலை என்ன? கடந்த ஒரு நூற்றாண்டில் பெண்ணின் சொத்துரிமை அங்குலம் அங்குலமாக வந்திருக்கிறது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு சொத்தில் பெண்களுக்கு ஆண்களோடு சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. 1937-ஆம் வருஷத்துச் சட்டம் இந்து விதவைக்குப் புருஷன் சொத்தில் ஆயுள்காலம் வரை அனுபவிக்கும் குறுகிய பாத்தியதையை மட்டும் கொடுத்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா தடைப்பட்டுக் கிடந்ததைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி டாக்டர் அம்பேத்கார் 1951-இல் மந்திரி பதவியைத் துறந்தார். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம் அந்தக் குறுகிய பாத்தியதையைப் பூரண பாத்தியதையாக்கியது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை, அதுவரை மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ளது போன்ற பிறப்புரிமையை அளித்தது. 2005-இல் தேசம் முழுவதற்கும் மகள்களுக்கு அவ்வுரிமை வந்தது.

இவற்றில் வீட்டைப் பற்றிய ஷரத்து ஒன்றைத் தனியே சுட்டிக்காட்டவேண்டும். 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 23-வது பிரிவு, குடும்பத்தார் வசிக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள விரும்பும்வரை அவள் தன் பங்கைப் பிரித்துக் கேட்கக்கூடாது என்றிருந்தது. நிலம், ரொக்கம், பாத்திரம் எல்லாவற்றிலும் பங்கு கேட்கலாம். வீட்டுக்கு வந்தால் மட்டும் அவள் வாய்மூடி நிற்கவேண்டும். சுதந்திர இந்தியாவில் 49 வருஷங்கள் அமலில் இருந்த பிறகே, 2005-இல் இந்தப் பிரிவு நீக்கப்பட்டது. மற்றச் சொத்தை விட்டுக்கொடுத்தாலும் வீட்டை விட்டுக்கொடுக்க ஆண்மகனின் மனம் எவ்வளவு தயங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தச் சட்டங்கள் எல்லாம் பெண்ணுக்குத் தகப்பனிடமிருந்தும், இறந்துபோன புருஷனிடமிருந்தும் வரும் சொத்தைப் பற்றியவை. புருஷன் உயிரோடிருக்கையில், இருவரும் உழைத்து வாங்கிய வீட்டில் மனைவிக்குத் தானாகவே பாதி உண்டு என்று சொல்லும் பொதுச் சட்டம் நமது தேசத்தில் இல்லை. கோவாவிலோ, போர்த்துகீசியர் காலத்திலிருந்து வந்த 1867-ஆம் வருஷத்து சிவில் சட்டத்தின்படி, வேறுவிதமாக உடன்படிக்கை செய்துகொள்ளாத தம்பதிகளின் சொத்து இருவருக்கும் பொதுவாகிறது. மனைவியின் சம்மதமின்றிப் புருஷன் வீட்டை விற்க முடியாது. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுக்கிறது. அது நல்ல பாதுகாப்பே. எனினும் வசிக்கும் உரிமை வேறு, உடைமை வேறு. வெளியே தள்ளப்படாமலிருக்கும் உரிமையைக் கொண்டு ஒரு பெண் திருப்தியடைய வேண்டுமென்பது, குடியானவனைப் பார்த்து 'உன்னை நிலத்திலிருந்து விரட்டமாட்டோம்; அது போதாதா?' என்று ஜமீன்தார் கேட்டதற்குச் சமானம்.

2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பை நேயர்கள் கவனிக்கவேண்டும். புருஷன் பல வருஷம் ஸவூதி அரேபியாவில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்ற தகராறு வந்தது. மனைவி வீட்டில் செய்த வேலைதான் புருஷன் வெளியே சென்று சம்பாதிப்பதைச் சாத்தியமாக்கியது. ஆகவே சொத்து வாங்கியதில் அவளுடைய பங்கும் சமமானதே என்று ஹைகோர்ட்டு முடிவு செய்து அவளுக்குச் சம பாகம் உண்டென்று தீர்மானித்தது. சமையலறையின் உழைப்பையும் கோர்ட்டு கணக்கில் ஏற்றியதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி இறங்கிப் பெறவேண்டியிருந்த நியாயத்தை, பத்திரம் எழுதும் நாளிலேயே ஒரு வரி அதிகமாக எழுதிப் பெற்றிருக்கலாமே! எல்லா மனைவிமார்களுக்கும் ஹைகோர்ட்டு வரை செல்லப் பணமும் ஆயுளும் இருக்குமா?

இரு பெயர் இருப்பதால் என்ன வித்தியாசம் நேரும் என்று கேட்பவர்களுக்குக் கணக்காகவே சொல்வோம். தாயும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஓர் இந்து, உயில் எழுதாமல் இறந்தால், அவன் பெயரிலுள்ள வீடு நான்கு சம பாகமாகும். மனைவிக்குக் கிடைப்பது நான்கில் ஒன்று. அதே வீடு இருவர் பெயரிலும் சரிபாதியாக இருந்திருந்தால், அவளுடைய பாதி அவளிடமே நிற்கும். அவன் பாதியில் நான்கில் ஒன்று மேலும் சேரும். ஆக எட்டில் ஐந்து அவளுடையது. கால் பாகத்துக்கு உரியவள் பிறருடைய தயவில் வாழவேண்டியவள். எட்டில் ஐந்துக்கு உரியவளை மீறி வீட்டில் ஒன்றும் நடக்காது. கிறிஸ்தவர்களானால், குழந்தைகள் இருக்கையில் விதவைக்கு மூன்றில் ஒன்று. இரு பெயரில் இருந்தால் மூன்றில் இரண்டு. முஸ்லிம்களில் குழந்தைகளுள்ள விதவைக்கு எட்டில் ஒன்று; இரு பெயரில் இருந்தால் பதினாறில் ஒன்பது. மனைவி முந்தி இறந்தால் புருஷனுக்கும் இதனால் நஷ்டமில்லை. தன் பாதி போக அவள் பாதியிலும் அவனுக்குப் பங்கு உண்டு. எந்த மதத்தினராயினும் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவராயினும் இரு பெயர்ப் பத்திரமே உயிரோடிருப்பவரைக் காக்கிறது.

இன்னொரு சட்ட நுட்பத்தையும் அறிந்துகொள்வது அவசியம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி, இருவர் சேர்ந்து ஒரு சொத்தை வாங்கி, யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளாமலிருந்தால், அவரவர் போட்ட பணத்தின் விகிதப்படி பாத்தியதை ஏற்படும். யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு அத்தாட்சி இல்லாவிட்டால் சமம் என்று கொள்ளப்படும். சம்பளச் சீட்டு வைத்திருப்பவனுக்கு அத்தாட்சி சுலபம். சமையல் செய்தவளுக்கு அத்தாட்சி ஏது? ஆகவே இரண்டு பெயர் எழுதினால் மட்டும் போதாது. 'இருவருக்கும் சரிபாதி' என்ற வார்த்தைகளும் பத்திரத்தில் ஏறவேண்டும். எழுதுவதற்கு அரை வரி. விட்டுவிட்டால் பின்னர் வழக்கு.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களைப் பார்ப்போம். 'பாதி எனது, பாதி உனது என்று பேசினால் குடும்பத்தில் ஒற்றுமை குலையும்' என்பது முதலாவது. முழுவதும் எனது என்று எழுதும்போது குலையாத ஒற்றுமை, பாதி உனது என்று எழுதும்போது மட்டும் குலையுமா? 'நாளைக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ இரண்டு கையெழுத்து வேண்டியிருக்கும். வீண் தொந்தரவு' என்பது இரண்டாவது. அந்தத் தொந்தரவுதான் நமக்கு வேண்டும். வியாபாரத்தில் நொடித்தோ, சூதிலும் குடியிலும் விழுந்தோ, மனைவிக்குத் தெரியாமல் வீட்டை ஈடு காட்டிக் கடன் வாங்கி, ஒரு நாள் ஏல நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்ட பிறகே அவள் சங்கதி அறிந்த குடும்பங்கள் எத்தனை! இரண்டாவது கையெழுத்து அந்த வீடுகளைக் காத்திருக்கும். 'என் தாய் தகப்பன் கொடுத்த பணமும் இதில் இருக்கிறது' என்பது மூன்றாவது. அது நியாயமானால், அவளுடைய தாய் தகப்பன் போட்டனுப்பிய நகையும் இதில் இருக்கிறது என்பதும் நியாயமே.

'அப்படியானால் முழு வீட்டையும் அவள் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்' என்று சிலர் தாராளமாக முன்வருவதுண்டு. அன்பினால் அப்படிச் செய்பவர்களை நாம் குறை கூறவில்லை. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்ச ரூபாய் வரையுள்ள சொத்துக்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைத்துத் தமிழ்நாட்டு சர்க்கார் சலுகையும் அளித்தது. ஆனால் கடன்காரருக்கு ஒளிக்க மனைவியின் பெயரை மறைவுத் திரையாக்குவது வேறு. அவளை உடைமைக்காரியாக்குவது வேறு. பெயரை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பத்திரத்தையும் பாங்கிப் புஸ்தகத்தையும் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வது தானமாகாது. உழைப்பு இருவருடையது என்றால் உடைமையும் இருவருடையதாக இருப்பதே நேர்மை.

உடைமையில் சமமாக நிற்க வேண்டியவள் விசாரணையிலும் சமமாக நிற்கவேண்டும். வீடு வாங்குமுன் பார்க்கவேண்டிய தஸ்தாவேஜுகளை ஆண்கள் மட்டும் பார்த்து முடிவு செய்து, கடைசி நாளில் அவளை வீட்டைப் 'பார்த்துவிட்டு' வர அழைப்பது நமது வழக்கம். மூலப்பத்திரம் தொடர்ந்து வருகிறதா, வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஏதேனும் தீராமல் நிற்கிறதா, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பவற்றை இருவரும் சேர்ந்து வாசிக்கவேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட்டு தடை விதித்தபோது, சேமிப்பையெல்லாம் அப்படிப்பட்ட மனைகளில் போட்டிருந்த குடும்பங்கள் பட்ட பாடு நேயர்களுக்கு நினைவிருக்கும். அடுக்கு மாடியில் புதிதாக வாங்குவோர், 2016-ஆம் வருஷத்து வீடு மனை ஒழுங்குமுறைச் சட்டம் தங்களுக்கு அளித்துள்ள காப்புக்களை அறியவேண்டும். ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்தில் ஒரு பாகத்துக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. கட்டுமானத்தில் ஐந்து வருஷத்துக்குள் குறை கண்டால் கட்டியவர் தம் செலவில் 30 நாளைக்குள் சரிசெய்து தரவேண்டும். பழைய வீட்டைக் கிரயம் வாங்குவோர், 2023 ஏப்ரலில் ஏற்பட்ட விகிதப்படி தீர்வையும் கட்டணமுமாக நூற்றுக்கு 9 வீதம் ஒதுக்கவேண்டும். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு இது 3 லட்சத்து 60 ஆயிரம். இதைக் கணக்கில் சேர்க்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மிஞ்சிய வளையலுக்கும் கை நீட்டுவது பரிதாபம்.

வீடு கைக்கு வந்த பிறகு மராமத்து வருகிறது. இங்கும் முதலில் செய்யவேண்டியதைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணுக்குத் தெரிவதை முன்னால் செய்யும் தவறு பரவியிருக்கிறது. வாசலுக்கு வர்ணமும் கூடத்துக்குப் பளபளக்கும் தரையும் முந்திவிடுகின்றன. கூரையும் சாக்கடையும் மின்சாரக் கம்பியும் பிந்திவிடுகின்றன. சென்னையிலும் மற்ற பழைய நகரங்களிலும் தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்டுக் கட்டிய மட்டப்பா வீடுகள் இன்னும் விலைக்கு வருகின்றன. அவற்றின் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் சுவரை அரிக்கிறது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து. ஐப்பசி மழைக்கு முன் கூரை பார்க்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்கவேண்டும். பழைய கம்பிகளை மாற்றி, மின்சாரம் கசிந்தால் தானே அறுபட்டு உயிர் காக்கும் கருவியைப் பொருத்தவேண்டும். சமையலறையில் புகை போகவும் வெளிச்சம் வரவும் ஜன்னல் வேண்டும். அங்கே நாளில் ஐந்து மணி நேரம் நிற்பவளின் வார்த்தைக்கு, மாதத்தில் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்ப்பவனின் வார்த்தையைவிட மதிப்பு அதிகமாக இருக்கவேண்டும். கூடத்தை விஸ்தரிக்கச் சமையலறையைக் குறுக்குவது, வீட்டுக்கு வரும் விருந்தாளிக்காக வீட்டுக்கு உரியவளைத் தண்டிப்பதாகும்.

மராமத்துக் கணக்குக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் வேண்டும். அதை இருவரும் எழுதவேண்டும். கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, மணல், மரம் என்று எழுதுவதோடு, அந்தந்த ரூபாய் யாருடைய கையிலிருந்து வந்தது என்றும் குறிக்கவேண்டும். அடகு வைத்த நகையின் எடையும் தேதியும் அதில் ஏறவேண்டும். இது சந்தேகத்தினால் செய்யும் காரியமல்ல. கூட்டுறவுச் சங்கங்கள் கணக்கு வைப்பதனால் அங்கத்தினர்களிடையே நம்பிக்கை வளர்கிறதே தவிரக் குறைவதில்லை. குடும்பமும் ஒரு கூட்டுறவுச் சங்கமே. அதன் அங்கத்தினர் இருவர்.

ஏற்கெனவே ஒரு பெயரில் வாங்கிவிட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. புருஷன் தன் வீட்டில் பாதியை மனைவிக்குக் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரத்தின் மூலம் எழுதிப் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் எழுதப்படும் இத்தகைய பத்திரத்துக்கு விற்பனைப் பத்திரத்தைவிடத் தீர்வை மிகவும் குறைவு. வீடு பாங்கிக்கு ஈடாக இருந்தால் பாங்கியின் சம்மதத்தை முன்னதாகப் பெறவேண்டும். பிறகு பட்டாவிலும் வீட்டுவரிப் பதிவிலும் இரு பெயரையும் சேர்க்க மறக்கக்கூடாது. அதோடு இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதி வைத்துவிட்டால் பிற்காலத்தில் பிள்ளைகளும் கோர்ட்டு ஏறாமல் பிழைப்பார்கள்.

சர்க்காரின் கடமையும் உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், அரசாங்க உதவியோடு பெறும் வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ, தம்பதிகள் இருவர் பெயரிலுமோ இருக்கவேண்டுமென்று விதி செய்யப்பட்டது. ஏழைக்கு உதவி செய்யும்போது நியாயமென்று தோன்றியது, மத்தியதர வகுப்பாருக்கு மட்டும் அநியாயமாகிவிடுமா? பதிவுக் கட்டணச் சலுகையின் 10 லட்ச வரம்பை, நகரத்தில் ஒரு சிறு வீட்டின் விலைக்கேனும் எட்டும்படி உயர்த்தவேண்டும். சரிபாதியாகத் தம்பதிகள் பதியும் முதல் வீட்டுக்குத் தாராளமான சலுகை வேண்டும். கிரயப் பத்திர மாதிரிப் படிவத்தில் வாங்குபவருக்கு இரண்டு பெயர்களுக்கு இடம் விட்டே அச்சிடவேண்டும். ஒரே பெயர் வேண்டுமென்போர் காரணம் எழுதட்டும். கூட்டுக் கடனாளியாக ஒரு பெண்ணிடம் கையெழுத்து வாங்குமுன், வீட்டில் அவளுக்குப் பாத்தியதை இல்லை என்ற விஷயத்தை அவளுக்குத் தமிழில் எழுதிக் காட்டும்படி பாங்கிகளைக் கட்டாயப்படுத்தவேண்டும். அந்த ஒரு காகிதமே பல வீடுகளில் நியாயத்தை உண்டாக்கிவிடும்.

சட்டமும் சலுகையும் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இரண்டு பெயர் எழுதக்கூடாதென்று இன்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடுப்பது நமது மனம் ஒன்றே. இதைப் படிக்கும் பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைகளில் சமத்துவத்தைப் பற்றி நீங்கள் பேசும் பேச்சை ஜனங்கள் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தை அவர்கள் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் மனைவி இரண்டையும் அறிவாள். அடுத்த கூட்டத்துக்குப் புறப்படுமுன் பெட்டியைத் திறந்து அந்தப் பத்திரத்தை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு பெயர்தான் இருக்கிறதென்றால், உங்கள் பிரசாரத்துக்குரிய முதல் கிராமம் உங்கள் வீட்டு வாசற்படிக்குள்ளேயே இருக்கிறது. இன்று வீடு தேடி அலையும் இளந்தம்பதிகளுக்கும் இதுவே நமது வேண்டுகோள். மனை குறுகலாயிருந்தாலும் பாதகமில்லை; பத்திரம் குறுகலாயிருக்கக்கூடாது. இருவருடைய பெயரும் அதில் அடங்கட்டும்.